செய்து கற்கும் உயிர்நூல்

(காளஹஸ்தியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)





தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவர், இசை கேட்பர், நாடகம் காண்பர். அவற்றினிடையே, பள்ளிப் பிள்ளைகள் உயிர்நூலைச் செய்முறையாகக் கற்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். செடி கொடிகளையும் விலங்குகளையும் மனித உடலையும் ஆராயும் கல்வியையே உயிர்நூல் என்கிறேன். உயிரியல் என்று இக்காலப் பாடநூல்கள் வழங்குவதும் அதுவே. தொழிலை நாடியும் அலுவலை ஒட்டியும் தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு வந்து வாழும் நமக்கு, நம் மக்களின் கல்வியைவிடப் பெரிய கவலை வேறு இல்லை. ஆதலின் இப்பொருள் சங்க மேடைக்கு அயலானது அன்று.

நான் சொல்ல வந்தது ஒன்றே. செய்முறை வகுப்பு என்பது பாடநூல் கூறியதை மெய்ப்பித்துக் காட்டும் சடங்கு அன்று. மாணவன் தன் கண்ணால் கண்டதைத் தன் கையால் உள்ளவாறு எழுதப் பழகும் இடம் அது. அப்பழக்கம் இருந்தால் விஞ்ஞானத் திறன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அஃது இல்லையேல், பெரும் பொருள் செலவிட்டுச் சோதனைச்சாலை கட்டினாலும் பயன் சிறிதே.

குறிப்பேடும் பூவும்

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பின் செய்முறைக் குறிப்பேடுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு முறை கிட்டிற்று. நாற்பது ஏடுகள் இருந்தன. நாற்பதிலும் செம்பருத்திப் பூவின் படம். நாற்பதிலும் இதழ் ஐந்து. நாற்பதிலும் நடுவே நீண்ட கேசரக் குழாய். படங்கள் அழகாகவே இருந்தன. மதிப்பெண்ணும் குறைவின்றி இடப்பட்டிருந்தது. ஆனால் அப்பள்ளியின் வேலியில் பூத்திருந்ததோ அடுக்குச் செம்பருத்தி. வகுப்பில் பறித்துக் கொடுத்த பூவும் அதுவே. அதன் இதழ்களை எண்ணினால் ஐந்தில் நில்லாது. "உன் பூவில் ஐந்து இதழ்தான் இருந்தனவா, அம்மா?" என்று ஒரு மாணவியைக் கேட்டேன். "இல்லை ஐயா, நிறைய இருந்தன. புத்தகத்தில் ஐந்துதான் போட்டிருக்கிறது" என்று அவள் தயங்காமல் விடை சொன்னாள்.

என்னிடம் அவள் உண்மையே சொன்னாள். ஏட்டில் உண்மை எழுதத்தான் அவளுக்கு உரிமை தரப்படவில்லை.

இதனால் நேர்ந்த இழப்பு எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். அடுக்குச் செம்பருத்தியில் மிகுதியாகக் காணும் இதழ்கள் எங்கிருந்து வந்தன? மகரந்தத்தைத் தாங்க வேண்டிய கேசரங்களே அங்கு இதழ்களாக உருமாறியிருக்கின்றன. ஒரு பூவைப் பொறுமையாகப் பிரித்தால், பாதி இதழும் பாதி கேசரமுமாக நிற்கும் உறுப்புகளைக் கூடக் காணலாம். ஒருறுப்பு மற்றோருறுப்பாக மாறும் இயற்கையின் விந்தை அந்த மாணவியின் உள்ளங்கையில் இருந்தது. 'புத்தகத்தில் ஐந்து, என் பூவில் அதைவிட மிகுதி, ஏன்?' என்று அவள் எழுதியிருந்தால், அந்த ஒரு வரி நாற்பது ஏடுகளுக்கும் விலையாகும்.

இது வெறும் இதழ்க் கணக்குத்தானே என்று சிலர் எண்ணக்கூடும். இன்று உயிரியல் பயிலும் பிள்ளைகளே நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் இரத்தம் சோதிப்பவராகவும் வேளாண் அலுவலராகவும் அமரப் போகிறவர்கள். காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கம் பதின்மூன்று வயதில் பதிந்துவிட்டால், அது பள்ளியோடு நின்றுவிடுமா? இரத்தத் துளியைப் பாராமலே 'குறையில்லை' என்று எழுதும் கையும், நீரைச் சோதியாமலே 'குடிக்கத் தக்கது' என்று முத்திரையிடும் கையும், அன்று ஐந்து இதழ் வரைந்த கையின் வளர்ச்சியே அல்லவா? செய்முறைக் கல்வியில் உண்மையின்மை புகுந்தால், அதற்குரிய விலையை ஊர் முழுதும் கொடுக்க நேரும்.

திறன்கள் யாவை?

விஞ்ஞானத் திறன் என்பது ஏதோ எட்டாத பொருள் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கூர்ந்து பார்த்தல், அளந்தும் எண்ணியும் கூறுதல், ஒத்தவற்றைச் சேர்த்து வேறானவற்றைப் பிரித்தல், கண்டதிலிருந்து காணாததை ஊகித்தல், அவ்வூகத்தைச் சோதனையால் உரசிப் பார்த்தல், நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பதிதல் ஆகிய இவையே அடிப்படை. நல்ல தச்சரிடமும் தேர்ந்த உழவரிடமும் இவற்றுட் பல உண்டு. பள்ளி செய்ய வேண்டுவது, இவற்றை ஒழுங்குபடுத்திப் பிள்ளையின் இயல்பாக்குவதே.

நம் முன்னோரிடமும் இப்பார்வை இருந்தது. கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சுட்டி வைத்தார். தொல்காப்பிய மரபியல், புல்லும் மரமும் முதலாக மனிதர் ஈறாக உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது. எறும்பை மூவறிவுயிரில் அடக்கிய அந்நூல், அதற்குக் கண்ணறிவு கூறவில்லை. இன்று உருப்பெருக்காடியில் எறும்பின் தலையைப் பார்க்கும் மாணவன் அதில் கண்களைக் காண்பான். அதனால் தொல்காப்பியர்க்கு இழுக்கு ஒன்றும் இல்லை. உருப்பெருக்காடி இல்லாத காலத்தில் உயிர்களைப் புலன்களால் வகுக்கலாம் என்று எண்ணியதே பெருஞ்செயல். ஆனால் அவ்வகுப்பை மனப்பாடம் செய்து நிறுத்திக் கொள்வது அவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரைப்போல் நாமும் உயிர்களை நேரில் நோக்குவதே மரியாதை.

மேனாட்டில் இம்முறை பள்ளிகளுக்கு வந்த வரலாறும் நெடியதன்று. 1870களின் தொடக்கத்தில் லண்டன் மாநகரில் தாமஸ் ஹக்ஸ்லி என்னும் அறிஞர் பள்ளி ஆசிரியர்களைத் திரட்டி உயிர்நூல் வகுப்பு நடத்தினார். காலையில் அவர் விரிவுரை கேட்டவர்கள், பின்னர்த் தாமே நுண்ணோக்காடியின் முன் அமர்ந்து, கேட்டதைக் கண்ணால் கண்டாக வேண்டும். 1875 ஆம் ஆண்டில் அவரும் மார்ட்டின் என்பவரும் எழுதி வெளியிட்ட செய்முறை உயிர்நூல் பல நாட்டுக் கல்லூரிகளுக்கு வழிகாட்டிற்று.

நம் நாட்டிலும் ஓர் அரிய முயற்சி நடந்தது. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் எனப் பெயர் மாறியுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972 ஆம் ஆண்டில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் அது தொடங்கிற்று. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு தொண்டு நிலையங்கள் அதனைத் தொடங்கின. 1978 இல் அது மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982 இல் பிறந்த ஏகலவ்யா என்னும் நிறுவனம் பின்னர் அதனை நடத்திற்று. அப்பள்ளிகளின் பாடநூலில் விடைகள் இரா. வினாக்களும் செய்ய வேண்டிய வேலைகளும் இருக்கும். பிள்ளைகள் பூவைப் பிரித்தனர். தவளை முட்டை தலைப்பிரட்டையாகித் தவளையாவதை நாள்தோறும் பார்த்து எழுதினர். தேர்வில் நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. முப்பது ஆண்டு நடந்த அம்முயற்சி 2002 இல் அரசின் ஆணையால் நிறுத்தப்பட்டது. நின்று போனாலும், எளிய கிராமப் பள்ளியில் இது இயலும் என்பதை அது நிலைநாட்டிவிட்டது.

அத்துணைத் தொலைவு செல்லாமல் நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்து மதனபள்ளிக்கு அருகில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலிப் பள்ளி இருக்கிறது. அப்பள்ளியார் சுற்றுப்புறத் தரிசில் மரம் வளர்த்தனர்; பறவைகள் வந்தன; பிள்ளைகள் அவற்றை நோக்கிப் பழகினர். 1991 இல் அப்பள்ளத்தாக்கு பறவைக் காப்பிடம் என அறிவிக்கப்பட்டது. அப்பள்ளியார் கிராமப் பிள்ளைகளுக்காக வகுத்த கல்வி முறையைக் கண்டு வந்துதான், 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கிற்று. சித்தூர்ச் சீமையின் விதை தமிழ்நாட்டில் முளைத்தது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

காளஹஸ்தியே சோதனைச்சாலை

இனி, நம் ஊருக்கு வருவோம். சிலந்தியும் பாம்பும் யானையும் வழிபட்டுப் பேறு பெற்ற தலம் இது என்பது தலபுராணம். அவற்றின் பெயர்கள் இணைந்தே இவ்வூரின் பெயர் ஆயிற்று என்பர். உயிர்நூல் ஆசிரியர் ஒருவர்க்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு எது? இம்மூன்று உயிர்களைக் கொண்டே மூன்று பாடம் நடத்தலாம்.

முதலில் சிலந்தி. வீட்டுத் தோட்டத்தில் வட்ட வலை பின்னும் சிலந்தியைப் பிள்ளை பார்க்கட்டும். கால்களை எண்ணட்டும், பக்கத்தில் ஊரும் எறும்பின் கால்களையும் எண்ணட்டும். எட்டும் ஆறும் ஒன்றல்ல என்று கண்டதும், சிலந்தி பூச்சியினம் அன்று என்பதை அவனே வகுத்துவிடுவான். பின்னர் வலையின் மீது ஒரு சிட்டிகை திருநீற்றை மெல்ல ஊதட்டும். நடுவிலிருந்து விரிந்து செல்லும் இழைகளிலா, சுற்றிச் சுற்றி வரும் இழைகளிலா, எதில் மிகுதியாக ஒட்டுகிறது? சிலந்தி நடக்கும்போது எந்த இழையில் கால் வைக்கிறது? இவ்வினாக்களுக்கு விடையை ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் பாடம் அங்கேயே முடிந்தது.

அடுத்து, பாம்பு. பாம்பைத் தேடியும் பிடித்தும் படிக்க வேண்டா. அது ஆபத்து, சட்டத்திற்கும் மாறு. வயலோரத்திலும் கல்லிடுக்கிலும் கிடைக்கும் பாம்புச் சட்டை போதும். அதன் தலைப்பகுதியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கண் இருந்த இடத்தில் ஓட்டை இராது. கண்ணாடி போன்ற மெல்லிய வட்டம் இருக்கும். கண்ணின் மேலுறையும் சட்டையோடு கழன்று வந்திருக்கிறது. அப்படியானால் பாம்பு கண் இமைக்குமா? பாம்பைப் பாராமலே, இமை இல்லை என்ற முடிவிற்குப் பிள்ளை வந்துவிடுவான். காணப்பட்ட ஒன்றிலிருந்து காணப்படாத ஒன்றை அறிவது இதுவே.

மூன்றாவது, யானை. 1980களில் தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்தும் கர்நாடகக் காடுகளிலிருந்தும் யானைகள் சித்தூர் மாவட்டத்துப் பலமனேரி, குப்பம் பகுதிகளுக்கு வந்து தங்கின. அவற்றின் பொருட்டே கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. நம்மைப்போல் அவையும் குடியேறியவையே! யானையின் முன்னங்காலடியின் சுற்றளவை இருமடங்காக்கினால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் கிடைக்கும் என்பது யானைப் பாகரும் வன அலுவலரும் அறிந்த கணக்கு. அடிச்சுவடு ஒன்றைக் கொண்டு ஆளில்லாக் காட்டில் சென்ற யானையின் உயரத்தைச் சொல்லிவிடலாம். பள்ளியில் யானைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பிள்ளைகளே இருக்கிறார்களே! நாற்பது பேரின் பாத நீளத்தையும் உயரத்தையும் அளந்து கட்டத்தாளில் புள்ளியிடச் சொல்லுங்கள். இரண்டிற்கும் உள்ள உறவு தெரியும். உறவிற்கு அடங்காத ஓரிருவரும் தெரிவர். அளவை என்றால் என்ன, சராசரி என்றால் என்ன, விலக்கு என்றால் என்ன என்பதெல்லாம் அன்று ஒரு பொழுதில் விளங்கும்.

இத்தலம் ஐம்பூதத் தலங்களுள் வாயுத் தலம். ஆதலின் மூச்சைப் பற்றிய சோதனை ஒன்றும் சொல்கிறேன். வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் படாதவாறு காத்துக்கொண்டு, குழல் வழியே அதில் மூச்சை ஊதினால் நீர் பால்போல் ஆகும். கரியமில வாயுவின் அடையாளம் அது. முளைவிடும் பச்சைப்பயறும் மூச்சு விடுகிறதா? ஒரு புட்டியில் முளைப்பயறு. மற்றொன்றில் வேகவைத்து ஆறிய பயறு. மூன்றாவது வெறும் புட்டி. மூன்றிலும் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்புத் தெளிநீர் வைத்து மூடிவிட வேண்டும். வெறும் புட்டி எதற்கு? காற்றிலேயே நூற்றில் 0.04 பங்கு கரியமில வாயு உண்டன்றோ? அதன் விளைவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் மற்றவற்றை ஒப்பிட முடியும். இதுவே ஒப்புச் சோதனை. விஞ்ஞான முறையின் முதுகெலும்பு இது.

முளைப்பயற்றின் புட்டியில் தெளிநீர் விரைவில் வெளுக்கும். வெந்த பயற்றின் புட்டியில் மாறுதல் இராது என்று பாடநூல் கூறும். முதல் நாள் அப்படியே இருக்கும். இரண்டு மூன்று நாள் சென்றால் அதுவும் வெளுக்கத் தொடங்கும்! பிள்ளைகள் 'சோதனை தவறிப்போயிற்று' என்று வருந்துவார்கள். சிலர் அதை மறைத்து, நூலில் உள்ளவாறே எழுதிவிடுவார்கள். இந்த இடத்தில்தான் ஆசிரியரின் திறமை தெரியும். "தவறவில்லை. புட்டியில் மூச்சு விடும் உயிர் வேறு ஏதோ இருக்கிறது. அது யாது? மூடியைத் திறந்தால் நாற்றம் எப்படி?" என்று கேட்டால், பயறு அழுகியிருப்பதை அவர்கள் உணர்வார்கள். அழுகச் செய்த நுண்ணுயிர்கள் மூச்சு விட்டிருக்கின்றன. உடனே ஒரு பெண் எழுந்து, "பாட்டி ஊறுகாயில் உப்பை மிகுதியாக இடுவது போல், வெந்த பயற்றிலும் உப்பிட்டு வைத்தால் என்ன?" என்று கேட்கக்கூடும். அவளாகவே புதியதொரு சோதனையை வகுத்துவிட்டாள் அன்றோ? நூறு சரியான விடைகள் தராத பயிற்சியை ஒரு 'தவறிய' சோதனை தந்துவிட்டது.

நம் ஊரின் பெருமை கலம்காரி. 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாயர் போன்றோர் ஊக்கத்தால் இங்குப் பயிற்சிக்கூடம் ஏற்பட்டு அக்கலை மறுமலர்ச்சி பெற்றது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துகிறார்கள். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கரைசலால் அதன் மேல் எழுதுகிறார்கள். எழுதிய இடம் கறுக்கிறது. ஏன்? கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடுவதால். அப்படியானால் துவர்க்கும் பொருளெல்லாம் இவ்விரும்பு நீர் பட்டால் கறுக்குமா? தேயிலைச் சாறு, பாக்கு ஊறிய நீர், மாதுளைத் தோல், வாழைப்பூ, முள்ளங்கி, அரிசி கழுவிய நீர் இவற்றை வரிசையாக வைத்து, எது கறுக்கும், எது கறுக்காது என்று முன்னரே எழுதிவிட்டுப் பிறகு சொட்டு விடச் சொல்லுங்கள். முன்னரே எழுதுவது முக்கியம். விளைவைக் கண்டபின் 'நான் நினைத்தேன்' என்று சொல்வது எளிது. முன்னே எழுதியவன்தான் தன் எண்ணம் சரியா தவறா என்று நேர்மையாக அறிவான்.

இறுதியாக, கொசு. 1897 ஆகஸ்டு 20 ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றை நுண்ணோக்காடியில் பொறுமையாக ஆராய்ந்து, மலேரியாக் கிருமி அங்கு வளர்வதைக் கண்டார். உலகறிந்த அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது தென்னாட்டில். நம் பிள்ளைகள் தொட்டி நீரில் நெளியும் புழுக்களை ஒரு புட்டியில் எடுத்து, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி, நாள்தோறும் பார்க்கட்டும். நீர்ப்பரப்போடு படிந்து மிதப்பது அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது கியூலெக்ஸ் போன்ற பிற இனம். கொசுவாகி வெளிவந்ததும் அதனை ஊரில் பறக்க விடாமல் அழித்துவிட வேண்டும். பிறகு தெருவில் இறங்கி, பார்த்த தொட்டிகள் எத்தனை, புழு இருந்தவை எத்தனை என்று எண்ணி எழுதட்டும். நீர் தேங்கும் தொட்டிகளை வாரம் ஒரு முறை கழுவச் சொல்லி, அடுத்த மாதம் மறுபடி எண்ணட்டும். எண் குறைந்ததா? டெங்குக் காய்ச்சல் அஞ்சும் தெருவில், பிள்ளைகளின் அந்தச் சிறு கணக்கு பெரியோர்க்கும் பயன்படும்.

தடைகள் சில

'கருவி இல்லை' என்பது முதல் தடை. நான் கூறியவற்றில் விலையுயர்ந்த கருவி எங்கே வந்தது? முருங்கை விதைக்கு மெல்லிய மூன்று இறக்கைகள் உண்டு. பத்து விதைகளை இறக்கையோடும், பத்து விதைகளை இறக்கை நீக்கியும் மாடியிலிருந்து விட்டு, தரையைத் தொடும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்தால், காற்று விதையைப் பரப்பும் முறை விளங்கிவிடும். செலவு ஒரு காசும் இல்லை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே, பலமுறை செய்து சராசரி காண் என்னும் மூன்று விதிகளும் அதில் அடங்கியிருக்கின்றன.

'தவளையை அறுக்காமல் உயிர்நூல் ஏது?' என்பது சிலர் ஐயம். பல்கலைக்கழக மானியக் குழு 2014 இல் கல்லூரிகளிலும் விலங்குகளை அறுக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டது. அதனால் குறை ஒன்றும் நேரவில்லை. செத்த தவளையின் உறுப்புகளைப் பெயரிட்டுக் காட்டுவதைவிட, உயிருள்ள தவளை சுவர்ணமுகிக் கரையில் மழைக்குப் பின் எந்நாளில் முட்டையிடுகிறது என்று குறித்து வைப்பது சிறந்த உயிர்நூல்.

'பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை. தேர்வில் மதிப்பெண்தானே கேட்கிறார்கள்?' என்பது மூன்றாவது தடை. பெரிய தடையும் அதுவே. ஆசிரியர்களைக் குறை கூற நான் வரவில்லை. அவர்கள் தலையில் ஏற்றிய சுமை மிகுதி. ஆயினும் ஒன்று சொல்வேன். பருவத்திற்குப் பத்துச் சோதனைகளை ஏட்டில் மட்டும் செய்வதைவிட, மூன்றை மெய்யாகச் செய்வது மேல். 'எனக்கும் தெரியாது, வா பார்ப்போம்' என்று மாணவனிடம் சொல்ல ஆசிரியர் அஞ்ச வேண்டுவதில்லை. அச்சொல்லைக் கேட்ட மாணவன் ஆசிரியரை இகழான். அன்றே அவருக்கு உண்மை மாணவன் ஆவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய்க்கே முழு மதிப்பெண்ணும் இடுகிறோம். இதை மாற்ற வேண்டும்.

மொழியும் சங்கமும்

நம் பிள்ளைகளுக்கு வேறொரு நிலைமையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பாடநூலில் ஆங்கிலம். இதனைப் பலர் இடர் என்று கருதுகின்றனர். நான் செல்வம் என்று கருதுகிறேன். பார்த்ததைச் சொல்லப் பிள்ளைக்கு முதலில் வேண்டுவது தன் நாவில் புரளும் சொல். நெளிகிறது, ஊர்கிறது, தத்துகிறது, தவழ்கிறது என்னும் வேறுபாடுகளை அவன் தாயிடம் கற்றிருக்கிறான். துவர்ப்புக்கும் கசப்புக்கும் கார்ப்புக்கும் உள்ள வேற்றுமையைச் சோற்றோடு உண்டிருக்கிறான். அச்சொற்களை வகுப்பின் வாயிலில் விட்டுவரச் சொன்னால், அவற்றோடு அவன் கண்களையும் விட்டுவரச் சொன்னதாகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார்; மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அயல் நாட்டார் ஒருவர்க்கு அன்று இயன்றது, தம் பிள்ளையின் குறிப்பேட்டில் தாய்மொழிச் சொல்லுக்கு ஓர் இடம் தரும் அளவிற்கேனும் நமக்கு இன்று இயலாதா?

தெலுங்கையும் ஒதுக்க வேண்டா. நமக்கு வாழ்வளிக்கும் மண்ணின் மொழி அது. வேம்பு என்று நாம் சொல்வதை வேப என்கிறார்கள், எருக்கு ஜில்லேடு, ஆவாரை தங்கேடு, நாவல் நேரேடு, புளி சிந்த. இவற்றைத் தமிழ்ப் பெயர், தெலுங்குப் பெயர், உலகப் பொதுவான விஞ்ஞானப் பெயர் என மூன்று பத்தியாக எழுதி வரும் பிள்ளை, ஒரு செடிக்குப் பெயர் பல. செடி ஒன்றே என்னும் பேருண்மையை உணர்வான். பெயரை அறிவது வேறு, பொருளை அறிவது வேறு என்பது அப்போது அவனுக்கு விளங்கும்.

சங்கத்தார்க்கு என் வேண்டுகோள் நான்கு.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவர்ணமுகி என்னும் நம் பொன்முகலியாற்றங்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பக்கத்திற்கு ஒரு மீட்டராகக் கயிற்றால் சதுரம் இட்டு, நீரோரத்தில் எத்தனை வகைச் செடி, பத்தடி தள்ளி எத்தனை, இருபதடி தள்ளி எத்தனை என்று எண்ணச் செய்யுங்கள். கோடையில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் எண்ணினால், ஆறு தன் கதையைத் தானே சொல்லும்.

சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கி, உருப்பெருக்காடி, வெப்பமானி, அளவு நாடா, சிறு தராசு, இயலுமானால் நுண்ணோக்காடி ஒன்று ஆகியவற்றை வைத்து, நூல்களைப் போலவே இரவல் கொடுங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அன்று. கேட்டு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும்.

அடுத்த ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியோடு குறிப்பேட்டுப் போட்டியும் வையுங்கள். படத்தின் அழகிற்குப் பரிசு வேண்டா. நாள் குறித்து, அளவு குறித்து, ஐயம் குறித்து, நினைத்தது நடவாதபோது நடவாததை எழுதிய ஏட்டிற்குப் பரிசு கொடுங்கள்.

நான்காவது வேண்டுகோள் தாய் தந்தையர்க்கு. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தொடங்கினால், அடுப்பில் வேலை இருந்தாலும் ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் பார்ப்பவர் வளர்வர்.

இறைவன் கண்ணில் குருதி கண்டு தம் கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பர் வாழ்ந்த ஊர் இது. கண்ணின் அருமையை இவ்வூரார்க்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் தம் கண்ணை நம்பவும், கண்டதை அஞ்சாமல் எழுதவும், எழுதியதை மறுபடி சோதிக்கவும் கற்பார்களாக. அவ்வாறு கற்ற ஒரு தலைமுறை இச்சங்கத்திலிருந்து எழுமானால், அதுவே நாம் இம்மண்ணிற்கும் நம் மொழிக்கும் செய்யும் நன்றிக்கடன்.